ஏழாம் அறையின் சாவி

மயங்கி விழுந்தவர் கையில் சாவி கொடுக்காதீர்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மீதியைப் படிக்க நேரமில்லாதவர்கள் இதோடு எழுந்து போகலாம். இரும்பு பட்டால் வலிப்பு நிற்கும் என்பது பொய். எனக்கு வந்தது வலிப்பும் இல்லை. ஆனாலும் என் கையில் பதினொரு முறை ஒரு சாவியை வைத்து விரல்களை மடக்கிப் பிடித்திருக்கிறார்கள். பிடித்தவர்கள் எல்லோரும் என் மேல் பிரியம் உள்ளவர்கள்தான்.

என் பெயர் வசந்தா. ஏற்காட்டில் ஒரு லாட்ஜில் பதினாறு வருடமாக அறைகளைப் பார்த்துக்கொள்கிறேன். விரிப்பு மாற்றுவது, துண்டு மடிப்பது, குளியலறை கழுவுவது, குரங்கு நுழையாமல் ஜன்னலைச் சாத்துவது எல்லாம் என் வேலை. வீட்டுக்காரர் மாதேஸ்வரன் கொட்டச்சேட்டில் காப்பி எஸ்டேட்டில் இருக்கிறார். மிளகு பறிக்கும் காலத்தில் ஏணி ஏறுவார், மற்ற நாளில் காப்பிச் செடிகளைக் கவாத்து வெட்டுவார். எஸ்டேட் ஆட்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீட்டில்தான் குடியிருக்கிறோம். மகள் நித்யா பத்தாவது படிக்கிறாள். சேலம் ஆஸ்பத்திரியில் என்னிடம் பேசிப் பேசியே வைத்தியம் பார்த்த அம்மா, "உங்களுக்கு நடந்ததை எழுதுங்க, இதே மாதிரி வர்றவங்களுக்குப் படிக்கக் கொடுக்கலாம்" என்றார். நான் பன்னிரண்டாவது வரை படித்தவள். கட்டுரையில் எப்போதும் நல்ல மார்க் வாங்குவேன். அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்.

கண்ணீர் வரும் என்று எதிர்பார்த்துப் படிக்க வேண்டாம். அந்த மாதங்களில் எனக்கே கண்ணீர் வரவில்லை. பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டால் வேறு யார் கன்னத்தையோ தொடுவது போல இருக்குமே, அப்படி இருந்தேன். சோறு தின்றேன், பஸ் ஏறினேன், நித்யாவுக்குத் தலை பின்னினேன். எதுவும் என்னைச் சேரவில்லை.

எங்கள் லாட்ஜ் ஒரு காலத்தில் துரைமார் இருந்த எஸ்டேட் பங்களா. பதினான்கு அறை. கதவும் பழசு, பூட்டும் பழசு, சாவி ஒவ்வொன்றும் என் உள்ளங்கை நீளத்துக்கு நல்ல இரும்பு. ஏழாம் அறைக்கு வருடா வருடம் காப்பி பூக்கும் நேரத்தில் ஒரு பெரியவர் வந்து பத்து நாள் தங்குவார். தனியாகத்தான் வருவார். காலையில் நான் போகும் முன்பே கம்பளியை மடித்து, விரிப்பை இழுத்துவிட்டு உட்கார்ந்திருப்பார். "ஏனுங்கய்யா, என் வேலைய நீங்களே செஞ்சுட்டா எனக்கு எதுக்குங்க சம்பளம்?" என்று கேட்பேன். சிரிப்பார். போன வருடம் வந்தவர் ஆறாம் நாள் காலையில் ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்தபடியே இறந்துபோனார். என்னிடம் இருந்த சாவியால் கதவைத் திறந்து முதலில் பார்த்தவள் நான். இதய அடைப்பு என்று டாக்டர் சொன்னார். மதியத்துக்குள் அவர் மகள் வந்து உடலைக் கொண்டுபோனாள். மூன்று மணிக்கு மேனேஜர், "சத்தமில்லாம ரூம கிளீன் பண்ணிரு வசந்தா, சாயங்காலம் ஆளு வருது" என்றார். செய்தேன். அவர் அன்றும் கம்பளியை மடித்து வைத்திருந்தார்.

இதில் ஒன்றைச் சொல்லாமல் விட்டிருக்கிறேன். அப்போதும் யாரிடமும் சொல்லவில்லை. அதன் இடம் வரும்போது சொல்கிறேன்.

மறுவாரமே மேனேஜர் ஏழாம் அறைக்குப் புதுப் பூட்டு போட்டு, கதவில் 6ஏ என்று எழுதிவிட்டார். வருகிறவர்கள் கேட்டால் எங்கள் லாட்ஜில் ஏழாம் அறையே இல்லை. பழைய சாவி மட்டும் மேசை டிராயரில் கிடந்தது.

மூன்று வாரம் கழித்து முதல்முறை விழுந்தேன். நான்காம் அறை வாசலில் சாவியைப் பூட்டில் நுழைத்துக்கொண்டிருந்தேன். சத்தமெல்லாம் தூரமாகப் போனது. பார்வையின் ஓரம் மங்கியது. கை என்னுடையதாக இல்லை. அடுத்து தரையில் கிடந்தேன். கண் திறக்க வரவில்லை, வாய் வரவில்லை, ஆனால் பேசுவது எல்லாம் கிணற்றுக்குள் இருந்து கேட்பது போலக் கேட்டது. கூட வேலை செய்யும் சரசு அக்கா ஓடி வந்து, "ஐயோ, இரும்பு குடுங்க, இரும்பு குடுங்க! காக்காவலிப்பு!" என்று கத்தினார். மேனேஜருக்கு உபயோகத்தில் இருக்கும் சாவியைக் கொடுக்க மனமில்லை. விழுந்தவள் எப்போது எழுவாளோ, கெஸ்ட் வெளியில் நிற்பாரே. டிராயரில் கிடந்த வேண்டாத சாவியை எடுத்துக் கொடுத்தார். சரசு அக்கா அதை என் கையில் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

கால் மணி நேரம் கழித்து எழுந்தேன். இரும்பு வேலை செய்துவிட்டது என்று எல்லோருக்கும் திருப்தி. அதற்குள் நான் துண்டு, விரிப்பு வைத்துத் தள்ளும் வண்டியில் இருந்த பிஸ்கட் பாக்கெட்டைக் குரங்கு கொண்டுபோயிருந்தது. அதற்கும் திருப்தி.

இரண்டாவது முறை வீட்டில். மாதேஸ்வரன் பதறிப்போய் கைக்கு அகப்பட்ட இரும்பை என் கையில் திணித்தார். அது கவாத்துக் கத்தி. நல்லவேளை, நித்யா பிடுங்கி எறிந்தாள். இதைக் கேட்ட சரசு அக்கா அன்றைக்கே மேனேஜரிடம் கேட்டு அந்தப் பழைய சாவியை வாங்கி மாதேஸ்வரனிடம் கொடுத்தார். "இது ராசியான சாவிங்க தம்பி. இதைப் புடிச்சா எந்திரிச்சுருது. சட்டப் பையிலயே வெச்சுக்குங்க." அன்றிலிருந்து அவர் எங்கே போனாலும் சாவி கூடவே போனது. மிளகு ஏணியில்கூட.

நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. எந்தச் சாவி என்று எனக்குத் தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியும். அதன் தலையில் ஏழு என்று வெட்டியிருக்கும். தெரிந்தும் அது என்னிடம் எதையும் கேட்கவில்லை, நானும் அதைக் கேட்கவில்லை. அப்படித்தான் அப்போது எல்லாமே.

மலையிலேயே ஒரு டாக்டர் பார்த்துவிட்டு வலிப்பாக இருக்கலாம் என்று மாத்திரை எழுதினார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். விழுந்ததை அவர் பார்க்கவில்லை, நாங்கள் சொன்னதை வைத்துத்தான் எழுதினார். நாங்கள் சொன்னதும் "காக்காவலிப்புங்க" என்றுதான். மாத்திரை போட்டால் தூக்கம் வந்தது, மயக்கம் நிற்கவில்லை. வாரத்துக்கு ஒரு முறை வந்தது இரண்டாகி, மூன்றானது. ஒருமுறை குளியலறைப் படியில் விழுந்து புருவத்தில் இரண்டு தையல். அடுத்த நாள் மேனேஜர் கூப்பிட்டார். "உன்னைய தனியா ரூமுக்குள்ள அனுப்ப எனக்குப் பயமா இருக்குது வசந்தா. ரெண்டு மாசம் டைம் எடுத்துக்க. சரியாச்சுன்னா டாக்டர் லெட்டரோட வா. இல்லீன்னா நான் வேற ஆளப் பாக்கோணும்."

நியாயமான பேச்சுதான். ஆனால் பதினாறு வருடத்தில் எனக்கு என்று இருந்தது அந்த வேலை ஒன்றுதான். எஸ்டேட்டில் அவர் மனைவி, பள்ளிக்கூடத்தில் நித்யாவின் அம்மா, லாட்ஜில் மட்டும்தான் நான் வசந்தா. அது போய்விடுமோ என்று பயம் இருந்தது. அந்த மரத்துப்போன நாட்களில் எனக்கு உறைத்த ஒரே விஷயம் அதுதான்.

போதாததற்கு லைனில் பேச்சும் கிளம்பியது. மெல்லுவதற்கு லைன் வாய்க்கு எப்போதும் ஏதாவது வேண்டும். "அது எப்படி, எப்பப் பாரு ஆளு இருக்கறப்பவே உழுகுது?" என்று ஒருத்தி கேட்டாள். என் காதுபடத்தான் கேட்டாள். "நடிப்பு" என்ற சொல்லை அவள் சொல்லவில்லை. விட்டுவைத்தாள்.

சேலத்துக்கு இறங்கினோம். பெரிய ஆஸ்பத்திரி. காப்பீட்டு அட்டை இருந்ததால் பணத்தைப் பற்றி எழுதப் பெரிதாக ஒன்றுமில்லை. காத்திருப்பதுதான் செலவு. இதயத்துக்கு ஒரு வரிசை, நரம்புக்கு ஒரு வரிசை, ஸ்கேனுக்கு ஒரு வரிசை. நான் உட்கார்ந்து கட்டில்களைப் பார்த்துக்கொண்டிருப்பேன். விரிப்பின் மூலையை மடிக்கத் தெரியவில்லை, சும்மா சொருகி வைத்திருக்கிறார்கள். என்னை வார்டில் சேர்த்த அன்று என் கட்டிலை நானே அவிழ்த்து மடித்துப் போட்டேன். பக்கத்துக் கட்டில் அம்மா, "எனக்கும் போட்டுக் குடு கண்ணு" என்றார். மறுநாள் ஆறு கட்டில் போட்டேன். நர்ஸ் வந்து, "நீங்க நோயாளிங்க, படுங்க" என்று அதட்டினார்.

பரிசோதனைகளைப் பற்றிப் பயப்படுகிறவர்களுக்காகச் சொல்கிறேன், எதுவும் வலிக்காது. ஈசிஜி என்பது இதயத் துடிப்பைக் கோடாக வரைவது. அதையே ஒரு பெட்டியாக இடுப்பில் கட்டி ஒரு நாள் முழுக்க விட்டார்கள். குளிக்கக் கூடாது, அவ்வளவுதான் கஷ்டம். இஇஜி என்பது தலையில் பசை தடவி ஒயர்களை ஒட்டி மூளையின் மின்சாரத்தைப் பார்ப்பது. வலிப்பு என்றால் அதில் பெரும்பாலும் அடையாளம் தெரியுமாம். பசைதான் முடியில் காய்ந்து மணி மணியாக நின்றுவிட்டது. சனிக்கிழமை பார்க்க வந்த நித்யா சீப்பை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் ஒவ்வொன்றாக உருவி எடுத்தாள். "வலிக்குதாம்மா?" என்றாள். இல்லை என்றேன். வலிக்கத்தான் செய்தது. அது எனக்குப் பிடித்திருந்தது.

எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொன்னார்கள். ரத்தத்தில் சர்க்கரை சரி, உப்பு சரி, இதயம் சரி, மூளைப் படம் சரி. மாதேஸ்வரன் வெளியே போய் உட்கார்ந்துவிட்டார். ஏதாவது ஒன்று கெட்டிருந்தால் சரி செய்வார்கள் என்று நம்பி வந்தவர் அவர். ஒன்றும் கெடவில்லை என்றால் என்ன செய்வது? டாக்டர், "இன்னும் ஒரு டெஸ்ட் இருக்கு, அதுல நீங்க விழுந்தா நல்லது" என்றார். வாழ்க்கையில் முதல்முறையாக ஒருவர் நான் விழ வேண்டும் என்று ஆசைப்பட்டார்.

அதற்குச் சாய்வுக் கட்டில் என்று சொன்னார்கள். கட்டிலில் படுக்கவைத்து வாரால் கட்டி, கால் பக்கம் பலகையில் ஊன்றும்படி மெல்ல நிமிர்த்தி, கிட்டத்தட்ட நிற்கவைத்துவிடுவார்கள். முக்கால் மணி நேரம் அப்படியே நிற்க வேண்டும். ரத்த அழுத்தம், இதயத் துடிப்பு, தலையில் ஒயர் எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும். சாதாரண மயக்கக்காரர்களுக்கு அதில் அழுத்தம் சட்டென்று இறங்கி மயக்கம் வரும்.

உள்ளே போகும் முன் தாலி, தோடு எல்லாம் கழற்றச் சொன்னார்கள். அவற்றை வாங்கிக்கொண்ட மாதேஸ்வரன், போர்வையைச் சரி செய்வது போலக் குனிந்து, சாவியை என் இடது கையில் வைத்தார். "யாருக்கும் தெரிய வேண்டாம். இரும்பு இருக்கட்டும் புள்ள" என்று காதில் சொன்னார். அவருக்கு வேறு என்ன செய்யத் தெரியும்?

நிமிர்த்தினார்கள். நின்றேன். எதிர்ச் சுவரில் பூச்சு உரிந்திருந்தது. அரை மணி நேரம் ஒன்றுமில்லை. நர்ஸ் பக்கத்து மேசைக்குப் போகும்போது திரும்பி, "ஏதாவது பண்ணுச்சுன்னா கூப்பிடுங்கம்மா, இதோ வந்துடறேன்" என்றார்.

சத்தம் தூரமாகப் போனது.

ஒன்பது நிமிடம் அப்படியே தொங்கியிருக்கிறேன். கண் திறந்தபோது கட்டிலைச் சாய்த்திருந்தார்கள். டாக்டர் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். முகத்தில் கவலையே இல்லை. நர்ஸ் என் இடது கையைப் பிரித்து, "சார், இதப் பாருங்க" என்றார். மாதேஸ்வரனை உள்ளே கூப்பிட்டார்கள். திருடு பிடிபட்டது போல நின்றார்.

"இது எந்தக் கதவோட சாவி?" என்று டாக்டர் கேட்டார்.

"அது சும்மா இரும்புக்குங்க டாக்டர். லாட்ஜ்ல குடுத்ததுங்க. எந்தக் கதவுக்கும் ஆகாதுங்க."

"ஏழாம் நம்பர் ரூமுதுங்க" என்றேன். என் குரல்தான். நான் பேசப்போகிறேன் என்று எனக்கே தெரியாது.

மாதேஸ்வரன் திரும்பி என்னைப் பார்த்தார். சாவியைப் பார்த்தார். அந்தப் பெரியவர் ஏழாம் அறையில் இறந்தது அவருக்குத் தெரியும். இந்தச் சாவி அது என்று தெரியாது.

டாக்டர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துதான் பேசினார். அதற்காகவே அவரை எனக்குப் பிடித்துவிட்டது. சாதாரண மயக்கத்தில் அழுத்தம் இறங்கும், முகம் வெளுக்கும், கண் பாதி திறந்தே இருக்கும், படுக்கவைத்தால் ஒரு நிமிடத்துக்குள் தெளிந்துவிடும். வலிப்பில் மூளையின் மின்சாரம் தாறுமாறாகும். "உங்களுக்கு ரெண்டும் இல்ல. நீங்க விழுந்து கிடந்த ஒன்பது நிமிஷமும் அழுத்தம், துடிப்பு, மூளை எல்லாம் முழிச்சிருக்கற ஆளுக்கு இருக்கற மாதிரியே இருந்துச்சு. கண்ணு இறுக்கமா மூடியிருந்துச்சு. இது மனசுல இருந்து வர்ற மயக்கம்."

"அப்ப நடிக்கறேனுங்களா?" என்று கேட்டேன்.

"இல்ல. நடிக்கறவங்களுக்கு நடிக்கறோம்னு தெரியும். உங்களுக்கு இது உங்களக் கேக்காம வருது. லாட்ஜ்ல எல்லா ரூம்லயும் ஒரே நேரத்துல கீசர் போட்டா என்ன ஆகும்?"

"ட்ரிப் ஆயிருமுங்க."

"பல்பு கெட்டிருக்கா? ஒயர் கெட்டிருக்கா?"

"இல்லீங்க. லோடு தாங்காம சுவிட்ச் தானா உழுந்துரும்."

"அதேதான்" என்றார். ட்ரிப் ஆன சுவிட்சை யாரும் நடிக்கிறது என்று சொல்வதில்லை. பதினான்கு கீசர் இருக்கும் லாட்ஜில் வேலை செய்கிறவளுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டாம். வலிப்பு மாத்திரையை நானாக நிறுத்தக் கூடாது, அவரே வாராவாரம் குறைத்து நிறுத்துவார் என்றும் சொன்னார். அப்படித்தான் நிறுத்தினோம்.

பிறகு பேச்சு வைத்தியம் செய்யும் அம்மாவிடம் அனுப்பினார்கள். சின்ன அறை, ஒரு மேசை, ஒரு மண் கூஜா. முதல் நாள் அவர் எதையும் தோண்டவில்லை. விழுவதற்கு முன் என்னென்ன தெரிகிறது என்று மட்டும் கேட்டார். சத்தம் தூரமாவது, ஓரம் மங்குவது, கை மரத்துப்போவது. "அப்ப உங்களுக்கு ரெண்டு மூணு நிமிஷம் முன்னாடியே தகவல் வருது. அது போதும்" என்றார். தகவல் வந்ததும் நின்ற இடத்திலேயே தரையில் உட்கார வேண்டும். குதிகாலைத் தரையில் அழுத்த வேண்டும். கண்ணில் படுவதை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்ல வேண்டும். கைக்கு நன்றாகப் பழகிய வேலை ஒன்றைச் செய்ய வேண்டும். "உங்க கைக்குத் தூக்கத்துலயும் தெரிஞ்ச வேலை எது?" என்றார். துண்டு மடிப்பது என்றேன். மறுநாளிலிருந்து தோளில் ஒரு துண்டோடு திரிந்தேன்.

மூன்றாவது நாள்தான் அவர் ஏழாம் அறையைக் கேட்டார். நான் மேலே விட்டுவைத்ததை அவரிடம்தான் முதலில் சொன்னேன்.

அன்று காலை ஏழு மணிக்கு முன்பு ரிசப்ஷனில் போன் அடித்தது. ரிசப்ஷன் ஆள் வரவில்லை, நான் எடுத்தேன். பெரியவர். "வசந்தாம்மா, கொஞ்சம் வந்துட்டுப் போறியா" என்றார். குரல் எப்போதும் போலத்தான் இருந்தது. கொஞ்சம் மெதுவாக இருந்ததோ என்று பிறகு பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன், தெரியவில்லை. "இதோ வரேனுங்கய்யா" என்றேன். ரிசீவரை வைத்தேன். வாசலில் ஒரு டூரிஸ்ட் பஸ் வந்து நின்றது. நாற்பது பேர். மேனேஜர் ஓடி வந்து ஒன்பது அறை உடனே தயாராக வேண்டும் என்றார். நான் மறந்துவிட்டேன். ஒன்றே முக்கால் மணி நேரம் கழித்து ஐந்தாம் அறையில் கம்பளியை மடிக்கும்போதுதான் ஞாபகம் வந்தது. ஓடினேன். தட்டினேன். சாவியைப் போட்டேன்.

பெரியவரின் மகள் வந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்கதான் வசந்தாவா? அப்பா நொம்ப சொல்லுவாரு, கூப்புட்ட உடனே வந்துருவீங்கன்னு" என்றாள். நான் தலையை ஆட்டினேன்.

பேச்சு வைத்திய அம்மா தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். "நான் உடனே போயிருந்தா பிழைச்சிருப்பாருங்களா?" என்று கேட்டேன். "எனக்குத் தெரியாது வசந்தா. பிழைச்சிருக்கலாம், பிழைக்காமலும் இருந்திருக்கலாம். இனி யாருக்கும் தெரியாது" என்றார். கவலைப்படாதே, உன் தப்பில்லை என்று சொல்லியிருந்தால் அதோடு எழுந்து வந்திருப்பேன். தெரியாது என்றதால் உட்கார்ந்திருந்தேன்.

மதியம் வார்டுக்கு வெளியே வேப்பமரத்தடி பெஞ்சில் மாதேஸ்வரனிடமும் சொன்னேன். தயிர்சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தவர் கையை எடுத்துவிட்டார். என்னைத் திட்டப் போகிறார் என்று நினைத்தேன். அவர் சட்டைப் பையில் கையை விட்டுச் சாவியை எடுத்துப் பெஞ்சின் மேல் வைத்தார்.

"அப்ப நானுந்தான் புள்ள. நீ உழுகற ஒவ்வொரு தடவையும் இதப் போயி உங்கையில வெச்சு அமுத்தியிருக்கறனே. உன்னைய எந்திரிக்க உடாம பண்ணுனது நாந்தான்." அவர் குரல் உடைந்தது. ஏணியில் இருந்து விழுந்து கை முறிந்தபோதுகூட அழாதவர்.

"நீங்க என்னங்க கண்டீங்க? தெரியாம செஞ்சதுக்கு யாராச்சும் உங்களக் குத்தம் சொல்ல முடியுமா?" என்றேன்.

சொன்னது என் காதிலேயே விழுந்தது. அவரும் கேட்டார். சோற்றை மறுபடி பிசைந்து எனக்கு ஒரு உருண்டை கொடுத்தார். "இதையே உனக்கும் சொல்லிக்கோணும்" என்றார். நான் அது வேறு, இது வேறு என்றேன். பெரியவர் கூப்பிட்டது எனக்குத் தெரியும் அல்லவா? அவர் இன்னொரு உருண்டையை நீட்டினார். சாப்பிட்டேன், உப்பு குறைவாக இருந்தது தெரிந்தது. பல நாள் கழித்து நாக்குக்கு ஒன்று தெரிந்தது.

சாவியை என்ன செய்வது என்று கேட்டார். லாட்ஜ் சாமான், லாட்ஜில் கொடுத்துவிடலாம் என்றேன்.

பன்னிரண்டாம் நாள் அனுப்பினார்கள். ஏற்காடு பஸ்ஸில் வளைவுக்கு வளைவு போர்டில் இருக்கும் எண்ணை உதட்டுக்குள் படித்துக்கொண்டே வந்தேன். இருபது வளைவும் தாண்டியபோது விழாமல் இருந்தேன். அதற்குப் பிறகும் விழுந்திருக்கிறேன், மறைக்கவில்லை. முதல் மாதம் நான்கு முறை, அடுத்த மாதம் ஒரு முறை. சிலருக்குச் சீக்கிரம் நிற்கும், சிலருக்கு இழுக்கும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள்.

வீட்டில் என்ன செய்ய வேண்டும் என்று நித்யா ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினாள். சுற்றிக் கூட்டம் போடக் கூடாது. வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. கன்னத்தில் அறையக் கூடாது. தலைக்கு ஏதாவது மெத்தென்று வைத்து, பக்கத்தில் உட்கார்ந்து சாதாரணமாகப் பேச வேண்டும். அடிபட்டாலோ, மூச்சுத் திணறினாலோ, எப்போதும் போல இல்லாமல் வேறு மாதிரி இருந்தாலோ உடனே ஆஸ்பத்திரி. கடைசி வரியைப் பெரிய எழுத்தில் எழுதியிருந்தாள்: இரும்பு வேண்டாம். இதைப் படிப்பவர்களுக்கு நானும் ஒன்று சேர்க்கிறேன். எனக்கு இதயமும் மூளையும் பார்த்த பிறகுதான் மனசு என்று சொன்னார்கள். நீங்களாக மனசு என்று முடிவு கட்டி வீட்டில் உட்கார்ந்துவிடாதீர்கள்.

டாக்டர் கடிதத்தோடு லாட்ஜுக்குப் போனேன். சாவியை மேசை மேல் வைத்தேன். மேனேஜர் கடிதத்தை இரண்டு முறை படித்தார். "மனசுன்னு போட்டிருக்குது" என்றார். "ஆமாங்க" என்றேன். "அன்னிக்கு ஏழாம் ரூம் ஐயா போன் பண்ணுனாருங்க. நாந்தான் எடுத்தேன். போகல" என்றும் சொன்னேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். பஸ் வந்த காலை அவருக்கும் ஞாபகம் இருந்தது. சாவியை டிராயரில் போட்டு, "ஒரு மாசம் சரசு கூடவே ரெண்டு பேரா போங்க. அப்பறம் பாக்கலாம்" என்றார்.

அந்த ஒரு மாதம் முடிந்து ஒன்பதாம் நாள். சரசு அக்கா மேல் மாடியில் இருந்தார். நான் ரிசப்ஷன் பக்கம் துண்டு அடுக்கிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. ஆள் இல்லை. எடுத்தேன். 6ஏ.

"ஏங்க, கொஞ்சம் வந்துட்டுப் போறீங்களா?" ஒரு பெண் குரல்.

வாய் திறந்தது. வழக்கமாகச் சொல்லும் "இதோ" வரவில்லை. "வரேனுங்க" என்று மட்டும் சொல்லி வைத்தேன். நடந்தேன். நான்காம் அறை தாண்டியதும் சத்தம் தூரமாகப் போனது. வராந்தாவில் அப்படியே உட்கார்ந்தேன். குதிகாலை அழுத்தினேன். பூந்தொட்டி, மிதியடி, வாளி, ஓட்டில் குரங்கு, குரங்கின் குட்டி. தோளில் இருந்த துண்டை எடுத்து நீளவாக்கில் மடித்தேன், குறுக்கில் மடித்தேன், பிரித்தேன், மறுபடி மடித்தேன். எத்தனை முறை என்று தெரியவில்லை. வெளியே ஜீப் ஒன்று ஹாரன் அடித்தது, சத்தம் பக்கத்தில் கேட்டது. எழுந்தேன். இத்தனை மாதம் வராத அழுகை அப்போது வந்து மூக்கெல்லாம் ஒழுகியது. மடித்த துண்டிலேயே துடைத்துக்கொண்டு போய்க் கதவைத் தட்டினேன். சுவர்க் கடிகாரம் பார்த்தேன். போன் வந்து ஏழு நிமிடம் ஆகியிருந்தது.

கதவு உடனே திறந்தது. உயிரோடு ஒரு அம்மா நின்றார். இன்னொரு தலையணை வேண்டுமாம்.